பொறுத்தலும் பிரிதலும்: வட ஆபிரிக்கத் திருச்சபை வரலாற்றில் மன்னிப்புப் பற்றிய சில சிக்கல்கள்

மன்னிப்பு என்பது பெரும்பாலும் தனிமனித ஒழுக்கத்தின்பாற்பட்ட ஒரு பண்பாகவே பேசப்பட்டு வருகின்றது. தீங்கிழைத்தவன் ஒருவன், தீங்கிற்கு ஆளானவன் ஒருவன் என்னும் இருவரிடையே நிகழும் உள்ள மாற்றமாகவே அறநூல்களும் சமயப் போதனைகளும் அதனை விளக்குகின்றன. ஆனால், ஒரு சமூகம் முழுவதுமே கொடுமைக்கு உட்பட்டு, அதனைச் சேர்ந்தோருள் ஒரு சாரார் உறுதியாக நின்று துன்புற, மறுசாரார் தளர்ந்து பணிந்துவிட்ட நிலையில், மன்னிப்பு வேறு வகையான வினாக்களை எழுப்புகின்றது. மன்னிக்கும் உரிமை யாருக்குரியது? எவ்வளவு காலத்தின் பின் மன்னிப்பது? மன்னிக்கும் முறை பற்றி மன்னிப்போரிடையே கருத்து வேறுபாடு தோன்றின் அதனை எங்ஙனம் கையாள்வது?

கிறிஸ்தவ வரலாற்றில் இவ்வினாக்கள் மிகக் கூர்மையாக எழுந்த களம், கி.பி. மூன்றாம் நூற்றாண்டு முதல் ஐந்தாம் நூற்றாண்டு வரையிலான உரோம வட ஆபிரிக்காவாகும். இன்றைய தூனிசியாவும் அல்ஜீரியாவின் வடபகுதியும் அடங்கிய அந்நிலப்பரப்பிலிருந்து கடிதங்கள், சங்கத் தீர்மானங்கள், விசாரணைப் பதிவுகள் எனப் பலவகை ஆவணங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றின் துணைகொண்டு, மன்னிப்பையும் கருத்து மாறுபாட்டையும் அத்திருச்சபை கையாண்ட முறைமையினை விளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இறையியல் தீர்ப்பு வழங்குவது இதன் நோக்கமன்று.

1. சொல்லும் பொருளும்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் மன்னித்தலைக் குறிக்கப் பெரிதும் பயிலும் வினைச்சொல் 'அபியேமி' என்பதாகும். விட்டுவிடுதல், போகவிடுதல், கடனைத் தள்ளுபடி செய்தல் என்பன அதன் பொருள்கள். இயேசு கற்பித்த செபத்தின் மத்தேயு நற்செய்தி வடிவத்திலும் 'கடன்' என்னும் பொருளுடைய சொல்லே இடம்பெறுகின்றது. தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையினரின் மொழிபெயர்ப்பு இக்கடன் என்னும் உருவகத்தை அவ்வாறே பேணியுள்ளது. தமிழ்க் கத்தோலிக்க மரபில் வழங்கும் செபமோ 'பொறுத்தல்' என்னும் சொல்லை ஆள்கின்றது.

இவ்விரு சொல்லாட்சிகளும் ஒரே பொருளின் இரு கூறுகளைப் புலப்படுத்துவன. கடனைத் தள்ளுபவன் ஓர் உரிமையைக் கைவிடுகின்றான்; கணக்கு அத்துடன் முடிந்துவிடுகின்றது. பொறுப்பவனோ ஒரு சுமையை ஏற்றுக்கொள்கின்றான். தமிழில் 'பொறை' என்பது பாரத்தையும் குறிக்கும், பொறுமையையும் குறிக்கும். தீங்கு நிகழவில்லை என்று பாவனை செய்யாமல், அது நிகழ்ந்தது என அறிந்து, அதன் பாரத்தைத் தாங்கி நிற்பதே பொறுத்தலாகும். 'ஒப்புரவு' என்னும் சொல்லும் ஈண்டு நோக்கத்தக்கது. வள்ளுவர் ஓர் அதிகாரத்திற்குப் பெயராக்கிய இச்சொல், அங்கு ஊரோடு ஒத்து வாழும் ஒருவனது ஈகைக் கடப்பாட்டைக் குறித்து நின்றது. பிற்காலக் கிறிஸ்தவத் தமிழில் அது பிரிந்தோர் மீண்டும் இணைதலைக் குறிக்கலாயிற்று. இரு வழக்குகளிலும் தனிமனிதனை அவன் சமூகத்தோடு பிணைக்கும் கருத்து உள்ளுறைந்து கிடக்கின்றது. நாம் ஆராயப்போகும் சிக்கலும் அப்பிணைப்புப் பற்றியதே.

2. விவிலியம் விட்டுச்சென்ற மரபு

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் இப்பொருள் பற்றிய அடிப்படைப் பகுதியாகக் கொள்ளப்படுகின்றது. அதில் இருவேறு போதனைகள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது, பிணக்குத் தீர்க்கும் ஒழுங்குமுறை. குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் பேசவேண்டும்; அவன் செவிமடாதவிடத்து ஓரிருவரைச் சாட்சிகளாக அழைத்துச் செல்லவேண்டும்; அதன் பின்னரே சபைக்கு அறிவிக்கவேண்டும்; சபைக்கும் இணங்காதவனைப் புறத்தவனாகக் கருதலாம். இரண்டாவது, மன்னிப்புக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை என்னும் போதனை. அதனை விளக்க ஓர் உவமை கூறப்படுகின்றது. பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன் அரசனால் மன்னிக்கப்படுகின்றான். அவனே தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய உடன் ஊழியனைச் சிறையிலிடுகின்றான்.

இத்தொகைகளைக் கணக்கிட்டு நோக்குதல் பயனுடைத்து. ஒரு தெனாரியம் கூலியாள் ஒருவனின் ஒரு நாட் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். எனவே முதற்கடன் ஆறு கோடி நாட்களின் கூலியாகும். எந்த மனிதனும் செலுத்த இயலாத தொகை அது. இரண்டாவது கடன் நூறு நாட் கூலி. முதலாவதோடு ஒப்பிடின் அது அற்பமெனினும், ஓர் ஏழைக்கு அது சிறு தொகையன்று. மனிதர் ஒருவருக்கொருவர் இழைக்கும் தீங்கு பொருட்படுத்தத்தக்கதன்று என இவ்வுவமை கூறவில்லை. உண்மையான இழப்பையே மன்னிக்கும்படி கேட்கின்றது.

வரம்பற்ற மன்னிப்பும் சபையிலிருந்து விலக்கும் ஒழுங்கும் ஒரே அதிகாரத்தில் அருகருகே நிற்பதை மனங்கொள்ளல் வேண்டும். பின்வந்த நூற்றாண்டுகளின் பிணக்குகள் பலவற்றில், ஒரு தரப்பு இவற்றுள் ஒன்றையும் மறுதரப்பு மற்றையதையும் பற்றிக்கொண்டு வாதிட்டமையைக் காணலாம்.

கருத்து மாறுபாட்டை மறைக்காத பண்பும் புதிய ஏற்பாட்டில் உண்டு. அந்தியோக்கியாவில், பிற இனத்தாருடன் உணவருந்துவதிலிருந்து பின்வாங்கிய பேதுருவைப் பவுல் எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தமையைக் கலாத்தியருக்கு எழுதிய கடிதம் கூறுகின்றது. பயணமொன்றின் இடைநடுவில் விலகிச் சென்ற மாற்கு என்பவரை மீண்டும் அழைத்துச் செல்வதா என்னும் வினாவிற் பவுலும் பர்னபாவும் கடுமையாக முரண்பட்டு வெவ்வேறு வழிகளிற் சென்றனர் என்பது திருத்தூதர் பணிகள் தரும் செய்தி. பவுலின் பெயரால் வழங்கும் பிந்திய கடிதங்களில் அதே மாற்கு உடனுழைப்பாளராகவும் தமக்குப் பயன்படக்கூடியவராகவும் குறிக்கப்படுகின்றார். இடையில் நிகழ்ந்த சமரசம் பற்றி நூல்கள் எதுவும் கூறவில்லை. பிரிவு ஏற்பட்டது, பின்னர் அது நீங்கியது என்ற அளவிலேயே செய்தி நின்றுவிடுகின்றது.

3. பணிந்தோரும் நின்றோரும்: கி.பி. 250

உரோமப் பேரரசன் தேசியஸ், பேரரசின் குடிகள் யாவரும் தெய்வங்களுக்குப் பலியிடவேண்டும் என ஆணை பிறப்பித்தான். 250ஆம் ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது. பலியிட்டோருக்கு உள்ளூர் அதிகாரிகள் சான்றிதழ் வழங்கினர். எகிப்தின் வறண்ட மணல், அத்தகைய சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேற்பட்டவற்றைப் பாப்பிரசுத் தாள்களில் நமக்காகப் பாதுகாத்து வைத்துள்ளது. பெயர், ஊர், தாம் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவர் என்னும் கூற்று, அதிகாரிகளின் ஒப்பம் ஆகியன அவற்றிற் காணப்படுகின்றன.

நெடுங்காலம் அமைதியில் வாழ்ந்து பெருகியிருந்த கார்த்தேஜ் நகரத் திருச்சபை இவ்வாணையை எதிர்கொள்ள ஆயத்தமாக இருக்கவில்லை. விசுவாசிகள் பெருந்தொகையினர் பணிந்தனர். அவர்களும் ஒரே வகையினர் அல்லர். சிலர் அழைக்கப்படுமுன்பே கோயிலுக்கு விரைந்து சென்று பலியிட்டனர். சிலர் சித்திரவதை தாளாது பணிந்தனர். சிலர் பலியிடாமலே அதிகாரிகளுக்குப் பணங்கொடுத்துச் சான்றிதழை மட்டும் பெற்றுக்கொண்டனர். வேறு சிலர் தாம் ஒருவர் மட்டும் பலியிட்டு, மனைவி மக்களையும் தம் நிலத்திற் குடியிருந்தோரையும் அக்கொடுமையிலிருந்து காத்தனர்; தப்பியோடி வந்த சக விசுவாசிகளுக்கு அடைக்கலமும் அளித்தனர். மறுபுறத்தே, சிறைப்பட்டும் வதைபட்டும் உறுதி குலையாது நின்றோர் இருந்தனர். இவர்கள் 'அறிக்கையாளர்' எனப் போற்றப்பட்டனர்.

அந்நகர ஆயராக விளங்கியவர் சிப்பிரியான். நாவன்மைக் கலை பயின்ற செல்வந்தரான இவர், கிறிஸ்தவராகிச் சில ஆண்டுகளிலேயே ஆயராகத் தெரிவு செய்யப்பட்டவர். துன்புறுத்தல் தொடங்கியதும் மறைவிடம் சென்று அங்கிருந்து கடிதங்கள் மூலம் திருச்சபையை வழிநடத்தினார். உரோமை ஆயர் பபியான் அவ்வாண்டு சனவரியிற் கொல்லப்பட்ட நிலையில், கார்த்தேஜ் ஆயர் உயிர் தப்பியமை கடுமையான விமர்சனத்துக்கு உள்ளாயிற்று. பணிந்தோரை ஏற்பதா மறுப்பதா எனத் தீர்ப்பளிக்க வேண்டியவரின் அறத்தகுதியே ஐயத்துக்குள்ளாகி இருந்தது. சிக்கலின் கடுமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

4. மன்னிக்கும் உரிமை யாருக்குரியது?

துன்புறுத்தல் தணியுமுன்பே, பணிந்தோர் பலர் திருச்சபைக்குத் திரும்ப விழைந்தனர். அவர்கள் நாடியது சிறையிலிருந்த அறிக்கையாளரை. துன்புற்றோரின் பரிந்துரைக்கு ஆற்றல் உண்டு என்பது அக்காலத்து நம்பிக்கை. அறிக்கையாளர் சமாதானக் கடிதங்களை வழங்கினர். நாளடைவில் அவை அளவின்றிப் பெருகின. பெயர் குறித்த ஒருவரை 'அவரைச் சார்ந்தவர்களோடு' ஏற்றுக்கொள்க எனப் பொதுப்பட எழுதப்பட்ட கடிதங்களும் உலவின. இருபது முப்பது பேர் ஒரே கடிதத்தைக் காட்டி வரக்கூடிய நிலை தோன்றியதைச் சிப்பிரியான் தம் கடிதமொன்றிற் சுட்டிக்காட்டி வருந்துகின்றார்.

இந்நிலையில் மூன்று நிலைப்பாடுகள் உருவாயின. கார்த்தேஜ் குருக்கள் சிலரும் பெலிசிசிமுஸ் என்பவரும் அறிக்கையாளரின் கடிதமே போதும் என்றனர். உரோமையில் நொவாசியான் என்னும் கல்விமான், பலியிட்டோருக்கு இறைவன் மன்னிப்பு அளிக்கலாம், ஆனால் திருச்சபை அதனை வழங்கலாகாது என்றார். அவர் 251இல் ஆயர் கொர்னேலியுஸுக்கு எதிராகத் தாமும் ஆயராகித் தனிச் சபையொன்றை அமைத்தார். அவரைப் பின்பற்றியோர் தம்மைத் 'தூயோர்' என அழைத்துக்கொண்டனர். சிப்பிரியானும் அவரைச் சார்ந்த ஆயர்களும், மன்னிப்பு உண்டு, ஆனால் விசாரணையும் தவமும் காலமும் அதற்கு வேண்டும் என்றனர்.

இப்பிணக்கை அதிகாரப் போட்டியாக மட்டும் காண்பவர் உளர். ஆயரின் நிறுவன அதிகாரத்துக்கும் அறிக்கையாளரின் ஆன்மீகச் செல்வாக்குக்கும் இடையே மோதல் இருந்தது உண்மையே. எனினும் சிப்பிரியானின் வாதத்தை ஊன்றி நோக்கின் அதனுள் வேறொரு கவலையும் புலப்படும். விரைந்து அளிக்கப்படும் சமாதானம், புண்ணை ஆற்றாமல் மூடிவிடும் என்பது அவரது கருத்து. நிகழ்ந்ததை ஒருவர் சொல்லாமலும் பிறர் கேளாமலும் அளிக்கப்படும் மன்னிப்பு, பணிந்தோருக்கும் பயன்தராது. உறுதியாக நின்றோரின் துன்பத்தையும் பொருளற்றதாக்கிவிடும். அதே வேளையில், கதவை முற்றாக அடைத்துவிட்டால் மனந்திரும்பும் வாய்ப்பே அற்றுப்போகும் என்றும் அவர் அஞ்சினார்.

251இல் கார்த்தேஜிற் கூடிய சங்கம் இதற்கு நடைமுறை வடிவம் கொடுத்தது. சான்றிதழை மட்டும் பெற்றோர், தனித்தனியே ஆராயப்பட்டு ஏற்கப்படலாம். பலியிட்டோர் நீண்ட தவத்திற்கு உட்படவேண்டும். மரணத்தறுவாயில் அவர்களுக்குச் சமாதானம் அளிக்கப்படும். ஒவ்வொருவரின் சூழ்நிலையும் தனித்தனியே நோக்கப்பட வேண்டும் என்னும் நெறியை அந்தோனியான் என்னும் ஆயருக்கு எழுதிய நீண்ட கடிதத்திற் சிப்பிரியான் விளக்குகின்றார். தாமாக ஓடிச்சென்று பலியிட்டவனையும், குடும்பத்தைக் காக்கப் பலியிட்டவனையும் ஒரே தட்டில் வைத்தல் நீதியன்று என்பது அவர் கொள்கை. முதலில் விசுவாசத்தை அறிக்கையிட்டுப் பின் நெடிய சித்திரவதையால் வீழ்ந்த மூவர் பற்றி வினவப்பட்டபோது, ஏறத்தாழ மூன்றாண்டுத் தவம் அவர்களுக்குப் போதும் என்னும் கருத்தை அவர் தெரிவித்தார். சில காலத்தின் பின் புதிய துன்புறுத்தல் நெருங்குவதாகத் தோன்றியபோது, தவத்திலிருந்தோர் அனைவரையும் உடனே ஏற்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. வரப்போகும் போராட்டத்தில் எவரும் தனித்து விடப்படலாகாது என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம்.

விதி இருந்தது, சூழ்நிலைக்கேற்ப அது நெகிழ்ந்தும் கொடுத்தது. இப்போக்குப் பின்னரும் தொடர்ந்தது. 325இல் நீசேயாவிற் கூடிய பொதுச்சங்கம், லிசீனியுஸ் ஆட்சியில் வற்புறுத்தலின்றியே விசுவாசத்தைக் கைவிட்டோருக்குப் பன்னிரண்டு ஆண்டுப் படிநிலைத் தவத்தை விதித்தது. அவர்கள் இரக்கத்திற்குத் தகுதியற்றோராயினும் இரக்கம் காட்டப்படும் எனக் காரணமும் கூறியது. அதே சங்கம், நொவாசியானின் சபையிலிருந்து திரும்பும் குருக்களை, மனந்திரும்பியோருடன் உறவு கொள்வோம் என எழுத்தில் உறுதியளிக்கும் நிபந்தனையின் பேரில், அவர்தம் நிலையிலேயே ஏற்றுக்கொண்டது.

5. பிரியாமல் மாறுபடுதல்

சிப்பிரியான் தம் வாழ்வின் இறுதியாண்டுகளிற் கருத்து மாறுபாடு என்னும் மற்றைய சிக்கலையும் எதிர்கொண்டார். பிரிந்துசென்ற சபைகளிலே திருமுழுக்குப் பெற்றவர் திரும்பி வரும்போது அவருக்கு மீண்டும் திருமுழுக்கு அளிக்கவேண்டுமா? வேண்டும் என்றது ஆபிரிக்க வழக்கம். கைகளை வைத்து ஏற்றுக்கொள்வதே போதும் என்றார் உரோமை ஆயர் ஸ்தேவான். கடிதங்களின் தொனி கடுமையாயிற்று.

256 செப்டெம்பர் முதலாம் நாள் எண்பத்தேழு ஆயர்களின் கருத்துக்கள் கார்த்தேஜ்ச் சங்கத்திற் பதிவு செய்யப்பட்டன. தொடக்கத்திற் சிப்பிரியான் ஒரு நெறியை முன்வைத்தார். ஒவ்வொருவரும் தம் கருத்தைக் கூறலாம். மாறுபட்ட கருத்துடையவர் எவரையும் தீர்ப்பிடவோ உறவிலிருந்து விலக்கவோ போவதில்லை என்பது அதன் சாரம். முன்னரும், அந்தோனியானுக்கு எழுதிய கடிதத்தில், விபசாரக் குற்றம் செய்தோருக்குச் சமாதானம் வழங்க மறுத்த பழைய ஆயர் சிலர், அதனை வழங்கிய ஆயர்களோடு உறவை முறித்துக்கொள்ளவில்லை என்பதை அவர் முன்மாதிரியாகக் காட்டியிருந்தார்.

எல்லா மாறுபாடுகளையும் அவர் இவ்வாறு நோக்கினார் எனக் கொள்ளுதல் தவறாகும். நொவாசியானைப் பொறுத்தவரை அவர் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. மாறுபாடு வேறு, பிரிவு வேறு என்பது அவர் கருத்து. ஒரே மேசையில் அமர்ந்து முரண்படுவது இயலும். முரண்பாட்டின் பொருட்டு இன்னொரு மேசையை அமைப்பதே குற்றம் என அவர் கருதினார். ஸ்தேவான் 257இல் இறந்தார். சிப்பிரியான் 258 செப்டெம்பர் 14ஆம் நாள் வாளால் வெட்டுண்டு மறைசாட்சியானார். ஒருகாலத்தில் ஓடி ஒளித்தவர் எனப் பழிக்கப்பட்டவர், தம் நகரிலே மக்கள் முன்னிலையில் உயிர்நீத்தார். திருமுழுக்குப் பற்றிய வினா அப்போது தீர்க்கப்படவில்லை.

6. ஆறாத புண்: தொனாத்துப் பிரிவு

தீராதிருந்த வினா அரை நூற்றாண்டின் பின் பேருருக்கொண்டது. 303இல் தியோக்கிளேசியன் தொடங்கிய துன்புறுத்தலில் மறைநூல்களை ஒப்படைக்குமாறு ஆணையிடப்பட்டது. ஒப்படைத்தோர் 'கையளித்தோர்' எனப்பட்டனர். துரோகி என்பதும் அச்சொல்லின் பொருளாயிற்று. அதன் பின்னர் செசிலியான் என்பவர் கார்த்தேஜ் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டபோது, அவரைத் திருநிலைப்படுத்திய அப்துங்கா நகர் பேலிக்ஸ் ஒரு 'கையளித்தவர்' என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. நுமிதியா மாகாண ஆயர்கள் வேறொருவரைத் தெரிவு செய்தனர். அவரையடுத்து அப்பதவிக்கு வந்த தொனாத்துவின் பெயரால் இப்பிரிவு வழங்கலாயிற்று.

குற்றச்சாட்டு உண்மையா என்பது விசாரித்து அறியத்தக்க வினா. 313இல் உரோமையிலும் 314இல் ஆர்ல் நகரிலும் கூடிய சங்கங்கள் செசிலியானுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தன. 315இல் அரச விசாரணையிற் பேலிக்ஸ் குற்றமற்றவர் எனக் காணப்பட்டது. அவருக்கு எதிராகக் காட்டப்பட்ட கடிதத்தில் இடைச்செருகல் இருந்தமையும் வெளியாயிற்று. எனினும் பிரிவு நீங்கவில்லை. ஏனெனில் புண் பேலிக்ஸ் என்னும் ஒருவரைப் பற்றியதாக மட்டும் இருக்கவில்லை. சிறையிலிருந்த மறைசாட்சிகளுக்கு உணவு கொண்டுசென்றோரைச் செசிலியான் தடுத்தார் என்னும் கதை தொனாத்துத் தரப்பினரிடையே வழங்கிற்று. மறுபுறத்தில், செசிலியானைக் கண்டித்த நுமிதியா ஆயர்களுட் சிலர் தாமும் நூல்களை ஒப்படைத்தவர்கள் என்றும், சீர்த்தா நகரிற் கூடியபோது ஒருவர் குற்றத்தை மற்றவர் சுட்டிக்காட்டிப் பின்னர் அமைதிகருதி அதனை இறைவனுக்கே விட்டுவிட்டனர் என்றும் கத்தோலிக்கத் தரப்பு ஆவணங்கள் கூறும். இது உண்மையாயின், தம்முள் மன்னித்துக்கொண்டதை மாற்றாருக்கு அளிக்க மறுத்தோராக அவர்களைக் கருதவேண்டியுள்ளது. மத்தேயு கூறும் ஊழியனின் கதை இங்கு மீண்டும் நிகழ்வதைக் காண்கின்றோம்.

அரசின் தலையீடு நிலைமையை மேலும் சிக்கலாக்கியது. கொன்ஸ்தந்தீன் பேரரசன் நிதியுதவியையும் வரிவிலக்கையும் செசிலியான் தரப்புக்கே அளித்தான். 317 முதல் 321 வரை தொனாத்துவாதிகள் ஒடுக்கப்பட்டனர். 347இல் மக்காரியுஸ் என்னும் அரச அதிகாரியின் தலைமையில் மீண்டும் ஒடுக்குமுறை நிகழ்ந்தது. பழைய மறைசாட்சிகளோடு புதிய மறைசாட்சிகளின் கதைகளும் சேர்ந்துகொண்டன. எந்த அரசு தங்களைத் துன்புறுத்தியதோ, அதே அரசின் துணையுடன் வருபவர் தம் சகோதரராதல் எங்ஙனம் என அவர்கள் வினவினர். அவ்வினாவுக்கு எளிதான விடை இருக்கவில்லை.

7. அகுஸ்தீனாரின் விடையும் அதன் விலையும்

395ஆம் ஆண்டளவில் ஹிப்போ நகர ஆயரான அகுஸ்தீனார் இச்சிக்கலுக்கு ஆழமான இறையியல் விடையொன்றை வழங்கினார். அருட்சாதனம் கிறிஸ்துவுக்குரியது, வழங்குபவரின் தூய்மையில் அது தங்கியிருக்கவில்லை. ஆதலின் பிரிந்தோர் அளித்த திருமுழுக்கும் மெய்யானதே. அதனை மீண்டும் அளிக்கலாகாது. இவ்வுலகிலே திருச்சபை கோதுமையும் களையும் கலந்து விளையும் வயல். அறுவடைக்கு முன் பிரித்தெடுக்க முயல்வது மனிதர்க்குரிய பணியன்று. இதனால் மன்னிப்பு, தூயோர் தூய்மையற்றோருக்கு வழங்கும் சலுகையாகாமல், மன்னிப்புத் தேவைப்படுவோர் தம்முள் வழங்கிக்கொள்வதாயிற்று.

சிப்பிரியானை இரு தரப்பினரும் தமக்குரியவராகக் கொண்டாடினர். மறுதிருமுழுக்குப் பற்றிய அவர் கருத்தைத் தொனாத்துவாதிகள் எடுத்துக்காட்டினர். அக்கருத்தில் அவர் தவறினார் என அகுஸ்தீனார் ஒப்புக்கொண்டார். ஆயினும் மாறுபட்டோரோடு அவர் உறவை முறிக்கவில்லை என்பதே பெரிதென வாதிட்டார்.

411 சூன் மாதத்திற் பேரரசின் ஆணைப்படி இரு தரப்பு ஆயர்களும் கார்த்தேஜிற் கூடினர். ஒவ்வொரு தரப்பிலும் ஏறத்தாழ 280 பேர். தலைமை வகித்தவர் மர்செல்லீனுஸ் என்னும் அரச அதிகாரி. மாநாட்டுக்கு முன் கத்தோலிக்க ஆயர்கள் ஓர் உறுதிமொழி வழங்கினர்: தாம் தோற்பின் பதவிகளைத் துறப்பர், வெல்லின் தொனாத்து ஆயர்களோடு பதவியைப் பகிர்ந்துகொள்வர். பிணக்குத் தீர்க்கும் முயற்சிகளுள் இத்தகைய பெருந்தன்மை அரிது. எனினும் மாநாட்டு மண்டபத்தில் அமருமாறு அழைக்கப்பட்டபோது தொனாத்து ஆயர்கள் அமர மறுத்து நின்றுகொண்டேயிருந்தனர். தீர்ப்பு அவர்களுக்கு எதிராக அமைந்தது. 412இல் வெளியான சட்டம் தொனாத்துவாதிகளுக்கு அவரவர் சமூகத் தகுதிக்கேற்பத் தண்டப்பணம் விதித்தது. அவர்தம் கோயில்களும் பறிக்கப்பட்டன.

தொடக்கத்தில் அகுஸ்தீனார் வற்புறுத்தலை விரும்பாதவர். தொனாத்துத் தரப்பிலிருந்த வன்முறைக் கும்பல்களின் தாக்குதல்களும், சட்டத்தின் அழுத்தத்தால் மக்கள் பலர் திரும்பிவந்த அனுபவமும் அவர் கருத்தை மாற்றின. விருந்துக்கு மக்களை வற்புறுத்தி அழைத்துவருமாறு தலைவன் கூறும் லூக்கா நற்செய்தி உவமையை அவர் அரச வற்புறுத்தலுக்கு ஆதாரமாகக் காட்டினார். கொலைத்தண்டனை வேண்டாம் என மர்செல்லீனுஸை அவர் மன்றாடி எழுதியதும் உண்மை. கத்தோலிக்கக் குருக்களைத் தாக்கியோருக்கும் அதே இரக்கத்தைக் கேட்டார். ஆயினும் அவர் வழங்கிய வாதம் அவர் விதித்த வரம்புக்குள் நிற்கவில்லை. பிற்கால நூற்றாண்டுகளில், சமயத்தின் பெயரால் ஒடுக்குவோர் அதனைத் தமக்குச் சான்றாகக் கொண்டனர்.

தொனாத்துவாதிகளும் மறைந்துவிடவில்லை. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் கிரகோரியார் எழுதிய கடிதங்களிலும் ஆபிரிக்காவிலே அவர்கள் இருந்தமை குறிப்பிடப்படுகின்றது. சட்டம் கோயில்களை மாற்றியது. நினைவுகளை மாற்ற அதற்கு இயலவில்லை.

8. மதிப்பீடு

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவன சில. முதலாவதாக, விசாரணையும் மன்னிப்பும் ஒன்றற்கொன்று பகையல்ல. 251ஆம் ஆண்டின் ஏற்பாடு பெருமளவு பயன்தந்தமைக்கு, நிகழ்ந்ததைக் கேட்டறிந்து, குற்றத்தின் தராதரத்தைப் பிரித்துணர்ந்து, மீளும் வழியையும் காட்டியமையே காரணம். 'எல்லாவற்றையும் மறப்போம்' என்ற பெலிசிசிமுஸின் வழியும், 'எதனையும் மறவோம்' என்ற நொவாசியானின் வழியும் தனிமனிதரைக் காணத் தவறின.

இரண்டாவதாக, துன்புற்றோரின் குரலுக்கு உரிய இடம் அளிக்கப்படாதவிடத்து, நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் சமாதானத்தைத் தராது. பேலிக்ஸ் குற்றமற்றவர் என்பது 315இல் நிறுவப்பட்டது. அதன் பின்னும் பிரிவு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. சான்றுகளாற் கத்தோலிக்கத் தரப்பு வென்றது. சிறை வாயிலில் நின்றவர்களின் மனக்குறையை எவரும் செவிமடுத்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவதாக, வலியவன் வற்புறுத்தி ஏற்படுத்தும் ஒற்றுமை மன்னிப்பின் பயனாகாது. மன்னிப்பு அளிப்பதற்கும் பெறுவதற்கும் மறுக்கும் உரிமையும் உடனிருத்தல் வேண்டும். மறுக்க இயலாதவனிடம் பெறப்படும் இணக்கம் பணிவேயாகும். தேசியஸின் அதிகாரிகள் சான்றிதழில் எழுதிப் பெற்றதும் அதுவே.

கத்தோலிக்கத் திருச்சபை இம்மூன்றாவது உண்மையை வெளிப்படையாக ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் சென்றது. 1965 டிசெம்பர் 7ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம், சமய நம்பிக்கையில் எவரும் வற்புறுத்தப்படலாகாது என்னும் ஏட்டை வெளியிட்டது. அதே நாளில், 1054இல் உரோமையும் கொன்ஸ்தந்திநோப்பிளும் ஒன்றையொன்று விலக்கிய சாபங்களைத் திருத்தந்தை ஆறாம் பவுலும் முதுபெருந்தந்தை அத்தெனகோராசும் நினைவினின்றும் அகற்றுவதாக அறிவித்தனர். இவ்வறிவிப்பால் இறையியல் மாறுபாடுகள் தீர்ந்துவிடவில்லை. இரு திருச்சபைகளும் இன்றும் ஒரே நற்கருணைப் பந்தியில் அமர்வதில்லை. ஆனால் மாறுபாடு தீருமுன்பே பகையைத் தீர்த்துக்கொள்ளலாம் என்பதற்கு அது சான்றாக விளங்குகின்றது. 2000 மார்ச் 12ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், உண்மைக்குப் பணிபுரிவதாக எண்ணித் திருச்சபை மக்கள் வன்முறையைக் கையாண்டமைக்காக இறைவனிடம் பொதுவில் மன்னிப்பு வேண்டினார்.

முடிவாக நோக்குமிடத்து, தமிழ்ச் செபங்களில் வழங்கும் இரு சொற்களும் இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ள நமக்கு உதவுகின்றன எனலாம். கடனைத் தள்ளுபடி செய்ய, கடன் எவ்வளவு என முதலில் அறியவேண்டும். சிப்பிரியான் வற்புறுத்திய விசாரணையின் பொருள் அது. அறிந்தபின் எஞ்சும் பாரத்தை இரு தரப்பினரும் சேர்ந்தே சுமக்கவேண்டும். வெல்லினும் பதவியைப் பகிர்வோம் என ஆயர்கள் உறுதியளித்தபோது அச்சுமையைத் தாங்க முன்வந்தனர். சட்டத்தின் துணையை நாடியபோது அதனை மறுதரப்பினர் தோளிலேயே இறக்கிவைத்தனர். அவ்வாறு இறக்கிவைக்கப்பட்ட பாரத்தை ஆபிரிக்கத் திருச்சபை நூற்றாண்டுகள் பல சுமக்க நேர்ந்தது.